மண்டபம் வழியாகப் போனவர், மண்டபம் வழியாக வந்தவர்

காரிமங்கலத்துச் செவ்வாய்ச் சந்தைக்குத் தேங்காயும் கால்நடையும் கொண்டுவரும் உழவர்களுக்கு இடையே, கையில் பையுடன் காய்கறி விலை கேட்டு நிற்கும் சிலருடைய பேச்சு மட்டும் சற்று வேறாக ஒலிக்கும். புகைவண்டியைக் 'கோச்சி' என்பர். அறையைக் 'காம்பரா' என்பர். தும்பலஅள்ளி அணைக்கரையில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருபவர்கள் அவர்கள். தருமபுரி மாவட்டத்தில் நாகாவதி, பஞ்சப்பள்ளி முதலிய அணைக்கட்டுகளை ஒட்டியும் இத்தகைய முகாம்கள் உண்டு. இம்மக்களை ஊரார் பொதுவாகச் 'சிலோன்காரர்' என்றே அழைக்கின்றனர். ஆயின் தமிழக முகாம்களில் வாழ்வோருள் கணிசமான தொகையினர் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வழிவந்தோர். அவர்களுடைய முன்னோர் இதே தமிழ் மண்ணிலிருந்து, அதிலும் பழைய சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து சென்றவர்கள். தருமபுரி, 1965 அக்டோபர் 2 வரை, சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை நினைத்தால், இவர்களது வரலாறு காரிமங்கலத்துக்கு அயலான வரலாறு அன்று என்பது விளங்கும்.

இருநூறு ஆண்டுகளில் ஒரே மக்கள் கூட்டம் மும்முறை இடம்பெயர்க்கப்பட்ட கதை இது. முதன்முறை பசியும் கங்காணியும் பெயர்த்தனர். இரண்டாம் முறை இரு அரசுகளின் கையெழுத்துப் பெயர்த்தது. மூன்றாம் முறை தீயும் துப்பாக்கியும் பெயர்த்தன. ஒவ்வொரு பெயர்ச்சியும் குடும்பம் என்னும் அமைப்பை எவ்வாறு குலைத்தது, சமூகம் அதனை எவ்வாறு தாங்கிற்று என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பஞ்சமும் கங்காணியும்

1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820-களில் கண்டி மலைச்சாரலில் காப்பிப் பயிர் தொடங்கப்பட்டது. காடழிக்கவும் பாதை வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் தேவைப்பட்டபோது, வெள்ளைத் துரைமாரின் கண் வாய்க்காலைக் கடந்த தமிழகத்து மாவட்டங்களின் மீது விழுந்தது. தொடக்கத்தில் காப்பி பறிக்கும் பருவத்துக்குச் சென்று திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அவ்வழியில் மாண்டவர் பலர்.

1869-இல் காப்பி இலையில் கண்ட துருநோய் அத்தொழிலை வீழ்த்தியது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். எனவே பருவத்துக்குச் சென்று திரும்பிய ஆண்களின் இடத்தில், குடும்பம் குடும்பமாகச் சென்று தங்கிவிடும் வழக்கம் ஏற்பட்டது. இக்காலத்தில்தான் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை உலுக்கியது. சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1881-இல் மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. மாண்டவர் போக, பிழைத்தவருள் பலர் கங்காணியின் பின்னே நடந்தனர்.

கங்காணி பெரும்பாலும் அவ்வூர்க்காரனே; உறவினனாகவும் இருப்பான். அவன் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறியது. தோட்டம் மாற வேண்டுமாயின், அக்கடனை அடைப்பதாகப் புதிய தோட்டம் உறுதி கூறும் 'துண்டு' வேண்டும். 1921-இல் சட்டம் ஒழிக்கும் வரை இத்துண்டு முறை நிலவிற்று. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்துறங்கியது.

இப்பயணத்தில் ஓர் ஊர்ப்பெயரை மறத்தற்கில்லை. இலங்கை செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம், முன்பு தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலும் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் மண்டபமே பெருவாயிலாயிற்று. இங்குப் பெயர் பதியப்பெற்று, உடை அவிக்கப்பெற்று, நாள் எண்ணிக் காத்திருந்து கப்பலேறியவர்கள், தம் பேரப்பிள்ளைகள் இதே முகாமில் மீண்டும் பெயர் பதிவார்கள் என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

மலையில் உருவான சமூகம்

ஊரை விட்டவர்கள் ஊரின் தெய்வத்தையும் கூத்தையும் விடவில்லை. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் மலைச்சரிவுகளில் ஆடப்பட்டன. தருமபுரிப் பகுதியில் பாரதக் கூத்து நடக்கும் திரௌபதையம்மன் திடலில் நின்று பார்த்தவருக்கு, கடல் கடந்த அருச்சுனன் தபசு புதிதாகத் தோன்றாது. அத்துடன் புதிய தொழிலுக்குப் புதிய தெய்வங்களும் பிறந்தன. தேயிலை ஆலையின் உருளைக்குக் காவலாக 'ரோதை முனி'யையும், செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் 'கவ்வாத்துச் சாமி'யையும் வழிபட்டனர். ஒரு மக்கள் கூட்டம் ஓரிடத்தில் வேரூன்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. வந்தவன் ஊர்ச்சாமியைக் கொண்டுவருவான்; வாழ்பவனே புதுச்சாமியை உண்டாக்குவான்.

தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிற்சங்கம் கண்டு, பாட்டுப் புத்தகங்கள் வாயிலாகத் தொழிலாளரை எழுப்பினர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்தார். தமிழகத்திலோ, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். தேயிலைத் தோட்டத் துயரத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் கதையாக்கினார். இவ்வளவும் இருந்தும், போனவர்களைப் பற்றிய நினைவு இங்குள்ள ஊர்களில் மெல்ல மங்கியது. 1939 ஆகஸ்டு 1 முதல் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தபின், புதிய உறவும் அறுந்தது.

குடியுரிமை பறிபோனது

1947-இல் நடந்த பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. மலைநாட்டின் வேறு சில தொகுதிகளிலும் தொழிலாளர் வாக்கே வெற்றியை நிர்ணயித்தது. விடுதலை பெற்ற இலங்கையின் முதல் அரசு, அவ்வாண்டு கழிந்து அடுத்த ஆண்டிலேயே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்தவனாயினும், தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களுக்குப் பிறப்புச் சீட்டு ஏது? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். தொடர்ந்து 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இதனை எதிர்த்து நின்ற எஸ். ஜே. வி. செல்வநாயகம், அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

1949-இல் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வழியிருந்தது. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. குடியுரிமை கிட்டியதோ ஆறில் ஒரு பங்கினர் அளவுக்கே. எஞ்சியோரை இலங்கை 'இந்தியர்' என்றது. இந்தியாவோ அவர்களைத் தன் குடிகளாக ஏற்கவில்லை.

எண்ணிப் பிரித்த ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புது தில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். அந்த எச்சத்தையும் 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 எனப் பாதியாகப் பகிர்ந்தனர். சொத்தைப் பங்கிடும் உடன்பிறந்தார்கூட நிலத்தின் கருத்தைக் கேட்பதில்லை. இங்கும் பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை.

உலக வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு. 1923 சனவரியில் லொசான் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, துருக்கியிலிருந்து பன்னிரண்டு இலட்சம் அளவினரான கிரேக்க வைதிகக் கிறித்தவரும், கிரீசிலிருந்து நான்கு இலட்சம் அளவினரான முஸ்லிம்களும் மாற்றிக்கொள்ளப்பட்டனர். அங்கும் பேசும் மொழி எதுவென்று பாராமல், சமயப் பெயர் மட்டும் பார்த்து மக்கள் பெயர்க்கப்பட்டனர். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தான அதே காலத்தில், பர்மாவிலிருந்தும் தமிழர்கள் கடைகண்ணிகளை இழந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தனர். அரசுகள் தம் எல்லையை ஒழுங்கு செய்ய முனையும்போது, நடுவில் நிற்கும் மக்களே இரையாவர் என்பதற்கு இவையெல்லாம் சான்று.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு திங்களுக்குள், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. அதன் வழியே வந்தவர்கள் மீண்டும் மண்டபத்தில் இறங்கிப் பெயர் பதிந்தனர்.

பிரிந்த குடும்பங்கள்

ஒப்பந்தம் தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்தமையால், அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டுடனும் தம்பி இலங்கைக் குடியுரிமையுடனும் நின்ற வீடுகள் பல. இந்தியக் குடியுரிமை பெற்ற தந்தை, சேமலாப நிதி கைக்கு வந்ததும் புறப்பட வேண்டும்; இலங்கைக் குடியுரிமை பெற்றவனுக்கு வாழ்க்கைப்பட்ட மகள் தோட்டத்திலேயே தங்க வேண்டும். விசா முடிந்த நாளுக்குப்பின் தங்கியவர் சட்டத்துக்குப் புறம்பானவராயினர். மலைநாட்டுப் புகைவண்டி நிலையங்களில் கோச்சி புறப்படும் நேரத்தில் எழுந்த ஓலம், இழவு வீட்டு ஓலத்தினின்றும் வேறுபட்டதன்று என்று அதனைக் கண்டோர் கூறுவர். செத்தவருக்காவது மறு ஆண்டு திதி உண்டு. உயிரோடு பிரிந்தவரைச் சந்திக்க நாள் குறிக்க வழியில்லை.

'விரும்பிச் சென்றனர்' என்று சொல்வதற்கும் இடமில்லை. 1970-களின் முற்பகுதியில் தோட்டங்களில் கொடும் பஞ்சம் நிலவியது. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தொழிலாளர் பல இடங்களில் வெளியேற்றப்பட்டனர். 1977 மே மாதம் தோட்ட நிலத்தைப் பறிப்பதை எதிர்த்த தொழிலாளருள் சிவனு இலட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு மாண்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலும், 1981-லும் வன்செயல்கள் நிகழ்ந்தன. ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளை வெட்டிக் குடியேறினர். மற்றவர்கள் இந்தியா செல்லும் வரிசையில் நின்றனர். ஒருவன் இருக்கும் வீட்டைக் கொளுத்திவிட்டு, அவன் வெளியே வந்தது விருப்பத்தினால் என்பது போன்றதே அவ்வாதம்.

ஏறத்தாழ 4,60,000 பேர், இங்கு வந்தபின் பிறந்தவர்களாக அன்றி, ஒப்பந்தக் கணக்கினரும் அவர்களுடைய பிள்ளைகளுமாக இந்தியா வந்து சேர்ந்தனர். 1984-இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்பட இயலாமல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மலையிலேயே தங்கினர். அவர்களுக்கும் ஏனைய நாடற்றோருக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை குடியுரிமை வழங்கிற்று. 1948-இல் பறித்ததைத் திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

தாயகத்தில் அந்நியர்

அரசு இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று அழகிய பெயர் சூட்டியது. ஆனால் இலங்கையில் 'கள்ளத்தோணி' என்றும் 'இந்தியாக்காரன்' என்றும் ஏசப்பட்டவர், இங்கு வந்ததும் 'சிலோன்காரன்' ஆனார். பாட்டன் சொல்லிவைத்த ஊரைத் தேடிச் சென்றவருக்கு அங்கே நிலமும் இல்லை, நினைவு வைத்திருக்கும் உறவும் இல்லை. மூன்று, நான்கு தலைமுறை லயத்தில் ஒரே குழாயில் நீர் பிடித்து ஒரே பிரட்டில் நின்றதால் ஓரளவு தளர்ந்திருந்த சாதிக் கட்டு, இங்குள்ள சேரியிலும் ஊர்த்தெருவிலும் முழுவலிவோடு எதிர்ப்பட்டது.

மறுவாழ்வுத் திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் பல்லாயிரவருக்கு வேலை அளித்தன. 1969-இல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கி அமைந்தது. கேரளத்திலும் கருநாடகத்திலும் இரப்பர்த் தோட்டங்களிலும், சில நூற்பாலைகளிலும் பலர் அமர்த்தப்பட்டனர். ஆயினும் மிகப் பலருக்குக் கிடைத்தது 5,000 ரூபாய் வணிகக் கடன் ஒன்றே. கொழுந்து பறிப்பதன்றி வேறு தொழில் அறியாதவர் கையில் வணிகக் கடன் எத்தனை நாள் நிற்கும்? தரகர் பங்கு போக எஞ்சியது உணவுக்குச் செலவாயிற்று. சமவெளியில் பிழைக்க முடியாதவர்கள், தாமே வழி கேட்டு நீலகிரிக்கு ஏறினர். கொடைக்கானல் மலைக்காடுகளில் குத்தகையாளரிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. தேயிலைச் செடியைத் தேடியே அவர்கள் மீண்டும் மலையேறினர் என்பது, எந்த மண் அவர்களுக்குத் தாயகமாகிவிட்டது என்பதைக் காட்டும். அவ்வரசுத் தோட்டங்களிலும் நிலை உறுதியாக இல்லை. 2022-இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, முதுமையடைந்த தொழிலாளருக்கு வீடு எங்கே என்னும் கேள்வி மறுபடியும் எழுந்தது.

அணைக்கரை முகாம்கள்

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகத்தாரைப் போர் தொடர்ந்தது. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990-இல் போர் மீண்டும் மூண்டபின்னும், வடக்கு கிழக்குத் தமிழரோடு அவர்களும் படகேறினர். இம்முறை அவர்கள் 'தாயகம் திரும்பியோர்' அல்லர், 'அகதிகள்'. மண்டபம் முகாம் மூன்றாம் முறை திறந்தது. அங்கிருந்து மாவட்டந்தோறும் பிரித்தனுப்பப்பட்டவர்களுள் ஒரு பிரிவினரே தருமபுரியின் அணைக்கரைகளுக்கு வந்தவர்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அளித்த கணக்குப்படி, 1983 முதல் தமிழகம் வந்தவர் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வாழ்ந்தனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம், பெயர் வாசிக்கும் கணக்கெடுப்பு, அரிசியும் உதவித்தொகையும், ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயிண்டு அடிக்கும் கூலிவேலை. லயக் காம்பராவும் பிரட்டும் வேறு பெயரில் தொடர்ந்து வந்தன எனலாம். அவ்வாண்டே 317 கோடி ரூபாயில் நலத்திட்டங்களும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டன. 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறியது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் வீடு மாறியபோதும் குடியுரிமைச் சிக்கல் மாறவில்லை. 1964-இன் கணக்கில் இந்தியாவுக்கென எண்ணப்பட்டவரின் பேரப்பிள்ளைகளும் முகாம்களில் வெளிநாட்டார் என்றே பதிவாகியுள்ளனர். 2019 சூன் 17-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சிராப்பள்ளி மாவட்ட முகாம்களைச் சார்ந்த 65 பேரின் வழக்கில், அவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதைக் கருத்திற்கொண்டு குடியுரிமை விண்ணப்பங்களை ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கைத் தமிழர் இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இது தண்டனையினின்றும் விடுதலை, குடியுரிமை அன்று. பட்டப்படிப்பை முடித்த முகாம் இளைஞர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாத நிலை இதனாலேயே தொடர்கிறது.

இலக்கியத்தார் கடன்

இக்கதையில் அரசுகள் செய்ய வேண்டுவன பல. எழுதுவோர் செய்ய வேண்டுவனவும் உண்டு. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை முதல் தெளிவத்தை ஜோசப் வரை தம் மக்களின் வாழ்வைத் தாமே எழுதினர். இங்கு வந்து சேர்ந்தோரின் வாழ்வோ அதன் அளவுக்குத் தமிழக இலக்கியத்தில் பதிவாகவில்லை. 2023-இல் மலையகத் தமிழர் இலங்கை சென்ற இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியை அடியளந்து நினைவுகூர்ந்தனர். அவ்வழியின் மறுமுனை தமிழகத்து ஊர்களில் இருக்கிறது. இம்முனையில் நடை எதுவும் நிகழவில்லை.

பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து நின்ற தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கொழுந்துக் காட்டில் பாடிய பாட்டும், காமன் கூத்தின் அடவும், எந்தத் தோட்டத்தில் எந்த இலக்க லயத்தில் பிறந்தோம் என்னும் செய்தியும் அவர்களோடு மறையக்கூடியவை. குடியுரிமை கோருவோர்க்குப் பாட்டனின் ஊர்ப்பெயர் ஒரு சான்று. அப்பெயர் பலருக்கு வாய்மொழியாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதனைக் கேட்டு எழுதி வைப்பது இலக்கியப் பணி மட்டுமன்று, வழக்குக்கும் துணையாகும் பணி. காரிமங்கலத்திலிருந்து தும்பலஅள்ளி அணைக்கரை நெடுந்தொலைவில் இல்லை. குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாக அங்குச் செல்லும் கவிஞருக்குக் கவிதைக்குப் பொருள் கிட்டுகிறதோ இல்லையோ, ஒரு குடும்பத்தின் ஊர்ப்பெயராவது அழியாமல் நிற்கும்.